உப்புக்கொத்தியிலிருந்து தொடங்குங்கள்: டெல்டாவில் கரைப்பறவை பார்க்க ஒரு வழிகாட்டி

கரைப்பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேரே கோடியக்கரைக்குப் போய்விடுகிறார்கள். ஜனவரி காலையில் உப்பளத்து ஓரம் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பறவைதான். ஆனால் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். மேலே பழுப்பு, கீழே வெள்ளை. புத்தகத்தைப் புரட்டினால் அங்கேயும் பக்கம் பக்கமாக அதே பழுப்பு, அதே வெள்ளை. அரை நாளில் சலித்துப்போய், 'இது நமக்கு வராது' என்று திரும்பிவிடுகிறார்கள்.

வரும். வரிசையை மாற்றினால் போதும். அந்தக் கூட்டத்தில் உப்புக்கொத்திக் (ஆங்கிலத்தில் plover) குடும்பத்தை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதையும் கடற்கரையில் தொடங்காமல் உங்கள் ஊர் வயலில் தொடங்குங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம், நடையை முதலில் பாருங்கள். புதிதாக வருகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

முதல் படி: ஆள்காட்டியோடு அரை மணி நேரம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் இருந்தாலும் ஆள்காட்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கருப்புத் தலை, கருப்பு மார்பு, கண்ணோரம் சிவந்த சதை, நீண்ட மஞ்சள் கால். ராத்திரி வயல்பக்கம் யாராவது நடந்தால் கத்திக்கொண்டே மேலே சுற்றுமே, அதேதான். சிவப்பு மூக்கு ஆள்காட்டி என்பது முழுப்பெயர். இது உப்புக்கொத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்தில் நம் ஊரில் இருப்பவற்றுள் உருவத்தில் பெரியது. அதனால் பாடம் படிக்க இதைவிட வசதியான பறவை கிடையாது.

வாய்க்கால் மதகிலோ களத்துமேட்டிலோ உட்கார்ந்து ஒரே ஒரு ஆள்காட்டியை அரை மணி நேரம் விடாமல் பாருங்கள். நாலைந்து எட்டு விறுவிறுவென்று ஓடும். சட்டென்று நிற்கும். நிமிர்ந்து, அசையாமல் தரையைப் பார்க்கும். பிறகு உடம்பை முன்னால் சாய்த்து ஒரே கொத்து. மறுபடி ஓட்டம், மறுபடி நிற்றல். இந்த ஓட்டம், நிற்றல், கொத்தல்தான் குடும்பத்தின் அடையாளம். இதைக் கண்ணில் பதித்துக்கொண்டால் நாளைக்கு உப்பளத்தில் அரைக் கிலோமீட்டர் தள்ளி, நிறமே தெரியாத வெயிலில் ஒரு சின்னப் பறவை ஓடினாலும் 'இது உப்புக்கொத்தி' என்று உங்களால் சொல்ல முடியும்.

காரணம் உடம்பின் அமைப்பில் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்குக் கண் பெரிது, அலகு குட்டை. பூச்சி, புழு, சின்ன நண்டு எதுவானாலும் மேல்மண்ணில் அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். இருட்டிலும் ஓரளவு பார்வை இருப்பதால் ராத்திரியிலும் மேயும். நின்ற இடத்தில் ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டி, சேற்றின் மேல் படபடவென்று நடுங்கவிடுவதையும் சில நேரம் பார்க்கலாம். அடியில் இருக்கும் புழுவும் பூச்சியும் அதில் கிளம்பி மேலே வரும், உடனே கொத்திவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் முளைத்திருக்கும் மாசி, பங்குனியில் காய்ந்த வயல்களையும் பொட்டல்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி அங்கே இருக்கலாம். தண்ணீர்க்கரையைவிடக் காய்ந்த நிலம் இதற்குப் பிடிக்கும். தலையில் கருப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் மஞ்சள் சதை, உடம்பு மண் நிறம். சிவப்பு மூக்கனைப்போல அவ்வளவு சத்தம் போடாது. அதே வயலில் இன்னொரு விருந்தாளியும் நிற்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: யார் யாருக்கு உறவு

சேற்றில் நிற்பதெல்லாம் கரைப்பறவை ஆகிவிடாது. கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன் இவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவை வேறு வகை. ஆனால் ஆலாவும் கடற்காகமும் கரைப்பறவைகளோடு ஒரே வரிசையில் வருகின்றன, நம் குளத்துத் தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியும்கூட.

புதியவர்களுக்கு இரண்டு பெரிய குடும்பம் தெரிந்தால் போதும். ஒன்று உப்புக்கொத்தி, இன்னொன்று உள்ளான். உள்ளான் குடும்பத்தில் கொசு உள்ளான் மாதிரிச் சின்னதிலிருந்து, அலகு கீழ்நோக்கி வளைந்த கோட்டான்வரை (ஆந்தையைச் சொல்லும் கோட்டான் அல்ல) எல்லா அளவும் உண்டு. கருவால் மூக்கன், பவளக்காலி எல்லாம் இந்தப் பக்கம்தான். இவற்றில் பல கண்ணைவிட அலகை நம்பி மேய்பவை. அலகின் நுனியில் தொடு உணர்ச்சி நரம்புகள் செறிந்திருப்பதால், சேற்றுக்குள் குத்தி, உள்ளே இரை தட்டுப்படுவதை உணர்ந்து எடுக்கும். அதனால் நின்று பார்க்கும் வேலையே இல்லை. நடவு நடும் பெண்களைப்போலக் குனிந்த தலை நிமிராமல் குத்திக்கொண்டே நகரும்.

நெடுங்கால் உள்ளான் மட்டும் கொஞ்சம் குழப்பும். பெயரில் உள்ளான் இருந்தாலும் உறவில் அது உப்புக்கொத்திகளுக்குத்தான் நெருக்கம். அலகு மேல்நோக்கி வளைந்த கோணமூக்கு உள்ளானும் அப்படியே. மறுபக்கம், கருப்பு வெள்ளையில் தடித்த அலகோடு பாக் நீரிணைப் பக்கம் அபூர்வமாகத் தென்படும் நண்டு உண்ணியைப் பார்த்தால் பெரிய உப்புக்கொத்தி என்றே தோன்றும். அது தனிக் குடும்பம். மணலில் வளை தோண்டி முட்டையிடும், கரைப்பறவைகளில் வேறெதுவும் அப்படிச் செய்வதில்லை.

இத்தனை வகையும் ஒரே சேற்றில் சண்டையில்லாமல் மேய்வதற்கு அலகின் நீளம் ஒரு முக்கியக் காரணம். கோட்டானுக்கு ஆழத்தில் இருக்கும் புழு, கருவால் மூக்கனுக்கு அதற்கு மேல், கொசு உள்ளானுக்கு மேல் சேறு. உப்புக்கொத்திக்கு ஈரம் பளபளக்கும் மேற்பரப்பு. தண்ணீர் ஆழமாக நிற்கும் இடத்தில் உப்புக்கொத்தியைத் தேடாதீர்கள். தண்ணீர் வடிந்து ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் இடம்தான் அதன் இடம்.

மூன்றாம் படி: காலமும் கருவியும்

8×42 இருநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மி.மீ.) ஒன்று போதும். 10×42 வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் காற்று அடிக்கும் உப்பளத்தில் கை நடுங்குவது அதில் அதிகம் தெரியும். முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி கரைப்பறவைக்கு மிகவும் உதவும். அதைச் சொந்தமாக வாங்குவதற்கு முன் ஒரு பருவம் மற்றவர்களோடு சேர்ந்து போய், அவர்களுடையதில் பார்த்துப் பழகுங்கள். தொப்பி, தண்ணீர், சேறு பட்டால் பரவாயில்லை என்கிற செருப்பு. வெள்ளை, சிவப்புச் சட்டைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

வலசைப் பறவைகள் ஆகஸ்ட் கடைசியில், செப்டம்பரில் வரத் தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் வேதாரண்யம் சதுப்பில் தண்ணீர் ஏறிக்கிடக்கும், சின்ன உப்புக்கொத்திகளுக்கு நிற்க இடம் குறைவு. மழை ஓய்ந்து தண்ணீர் வடியத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரிதான் புதியவர்களுக்கு நல்ல மாதங்கள். மார்ச், ஏப்ரலில் வெயில் வாட்டும், ஆனாலும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். திரும்பிப் போகுமுன் பல பறவைகள் அப்போது இனப்பெருக்க நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்கப் பழுப்பாக நின்ற மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செங்கல் நிறம் ஏறியிருப்பதைப் பார்த்தால் நான் ஏன் சொன்னேன் என்று புரியும்.

குஜராத் கரையைப்போல இங்கே ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) பல மீட்டர் ஏறி இறங்காது, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நம் கரை தட்டையாக இருப்பதால் சிறிய ஏற்ற இறக்கமே பெரிய சேற்றுவெளியைத் திறந்துவிடும், மூடிவிடும். முத்துப்பேட்டைக் காயலிலும் வேதாரண்யம் சதுப்பிலும் காற்றும் தண்ணீரைத் தள்ளும். கிளம்பும் முன் மீனவர் ஒருவரிடம் 'தண்ணி எப்ப வத்தும்ண்ணே?' என்று கேட்டுவிடுங்கள். கைபேசிச் செயலி சொல்வதைவிட அது பொருத்தமாக இருக்கும். தண்ணீர் வற்றும்போது பறவைகள் சேறெங்கும் சிதறி மேயும். ஏறும்போது உயரமான இடங்களுக்கு ஒதுங்கிக் கூட்டமாக நிற்கும், அப்போது பார்ப்பதும் எண்ணுவதும் சுலபம்.

நான்காம் படி: எங்கே, எப்படி நிற்பது

கோடியக்கரைக்கு முன்னால் ஓர் ஏரி போய்வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் வடுவூர் ஏரி இருக்கிறது, 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அரியலூர்ப் பக்கம் உள்ளவர்களுக்குக் கரைவெட்டி, அது 2024இல் சேர்ந்தது. தண்ணீர் குறைந்து கரையோரச் சேறு தெரியும் நாட்களில் அங்கே பட்டாணி உப்புக்கொத்தியை நிதானமாகப் பார்க்கலாம். கூட்டம் குறைவு, குழப்பமும் குறைவு.

பிறகு வேதாரண்யம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகல ரயில் பாதை திறந்தார்கள். பேருந்திலும் வரலாம். அகஸ்தியம்பள்ளியிலிருந்து கோடியக்கரை போகும் சாலையின் பக்கம் உப்பளங்கள். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்த மண் இது. கோடியக்கரைக் காடு 1967இல் சரணாலயமானது. காடு, சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் சேர்ந்து சுமார் 38,500 ஹெக்டேர் 2002இல் ராம்சர் பகுதியானது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடம் அதுதான்.

உப்பளத்தில் எல்லாப் பாத்தியும் ஒன்றல்ல. உப்பு பூக்கிற கடைசிப் பாத்திகளில் உப்பு அவ்வளவு கடுமை, உயிர் அதிகம் இருக்காது. கடல்நீரைத் தேக்கும் முதல் பாத்திகள், அவற்றை ஒட்டிய ஈரவெளி, கைவிட்ட அளம், இங்கெல்லாம் பூச்சியும் புழுவும் அதிகம், பறவையும் அதிகம். வரப்பு என்பது அங்கே வேலை செய்பவர்களின் நடைபாதை. கேட்காமல் ஏறக் கூடாது. 'அண்ணே, பறவை பாக்க வந்திருக்கோம், இந்த வரப்புல போகலாமா?' என்று கேட்டால் யாரும் மறுப்பது அபூர்வம். சில நேரம் 'அந்தக் கடைசிப் பாத்திக்குப் போங்க தம்பி, காலையிலயே நெறையா இருந்துச்சு' என்று வழியும் சொல்வார்கள். ஈர வரப்பில் மிதித்தால் கரை உடையும், அது அவர்கள் உழைப்பு. காய்ந்த இடத்தில் மட்டும் நடங்கள்.

சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். காலையில் கிழக்கே பார்த்து நின்றால் எல்லாமே கருப்பு நிழல்தான். ஒன்பதரை, பத்துக்கு மேல் உப்புவெளியில் கானல் எழும்பும், அதன்பின் தூரத்துப் பறவையை இனம் பிரிக்க முயலாதீர்கள். பறவையை நோக்கி நேராக நடக்கவும் கூடாது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் சிறிது நேரத்தில் அவையே பக்கத்தில் வந்துவிடும். தலையைத் தூக்கி, மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்க்கிறதென்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டிய பறவைக்கு உடம்பில் கொழுப்புச் சேர வேண்டும். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பிவிடுவது அதன் சாப்பாட்டைத் தட்டிவிடுவதுதான். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேமரா பெருகப் பெருக இந்தத் தொல்லையும் பெருகிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் படி: சின்னவற்றைப் பிரித்தறிவது

முதல் கேள்வி: பின்கழுத்தில் வெள்ளை வளையம் இருக்கிறதா?

இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி அல்லது கெண்டிஷ் உப்புக்கொத்தி. பட்டாணிக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், மார்பில் குறுக்கே முழுப்பட்டை. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைக் கோடு தெரியாது. ஆறு, ஏரி, குளக்கரை என்று நன்னீர்ப் பக்கம் அதிகம் இருக்கும். கெண்டிஷுக்கு மார்புப் பட்டை நடுவில் அறுந்து இரு பக்கமும் திட்டாக நிற்கும், கால் கருமை, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைக் கோடு தெரியும். உப்பளம், கடற்கரை மணல் இதற்கு வீடு. இங்கே ஒரு புதுச் செய்தி உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுக்கத் தங்கி முட்டையிடும் பறவைகளை நெடுங்காலம் கெண்டிஷின் ஒரு கிளையாகவே வைத்திருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டபின் 2023இல் அதைத் தனி இனமாகப் பிரித்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். கெண்டிஷைவிடக் கொஞ்சம் சிறியது. நம் கரைக்கே உரிய ஒரு பறவை, இத்தனை காலம் இன்னொன்றின் பெயரில் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. புதியவர்கள் இரண்டையும் பிரிக்க அவசரப்பட வேண்டாம். ஆனால் மே, ஜூன் வெயிலில் கரையில் குஞ்சோடு ஒன்றைப் பார்த்தால் அனுமனை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கழுத்து வளையம் இல்லையென்றால் மணல் உப்புக்கொத்திகள். சிறியது, பெரியது என இரண்டு. பெரியதற்கு அலகு நீளம், தடிமன். காலும் நீளம், பறக்கும்போது பாதம் வாலைத் தாண்டித் தெரியும். தனியாக நிற்கும் ஒன்றை வைத்து இது பெரியதா சிறியதா என்று முடிவு செய்வது கடினம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்வரை பொறுத்திருங்கள். சிறு மணல் உப்புக்கொத்தியையும் அண்மையில் சைபீரியம், திபெத்தியம் என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நமக்கு வருவது பெரும்பாலும் திபெத்தியம். கோடையில் லடாக், திபெத் போன்ற உயர்ந்த மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் கடல் மட்டத்துக்கு இறங்கி வருகிறது.

அடுத்து கொஞ்சம் பெரியவை இரண்டு. வயலில் ஆள்காட்டியோடு நிற்கும் விருந்தாளி என்று சொன்னேனே, அது பொன்னிற உப்புக்கொத்தி. முதுகு முழுக்கப் பொன் புள்ளி. சைபீரியாவின் மரமில்லாத துந்திர வெளியிலும் அலாஸ்காவின் மேற்குக் கரையிலும் முட்டையிடுவது. அலாஸ்காப் பறவைகள் ஹவாய்த் தீவுக்கு, நடுவில் இறங்க ஓரிடமும் இல்லாத நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேலான கடலை ஒரே மூச்சில் தாண்டுகின்றன. அந்த இனத்துப் பறவைதான் நம் பயறு வயலில் நின்று புழு பொறுக்குகிறது. சாம்பல் உப்புக்கொத்தி இதைவிடப் பருமன், அலகு தடித்தது, கடலோரச் சேற்றைவிட்டு அதிகம் உள்ளே வராது. இரண்டையும் பிரிக்கச் சுலபமான வழி, பறக்கும்வரை காத்திருப்பது. சாம்பலுக்கு இறக்கை உடம்போடு சேரும் அக்குள் கருப்பாக இருக்கும், இடுப்பு வெள்ளையாகத் தெரியும். பொன்னிறத்துக்கு இரண்டும் கிடையாது.

ஒரே நாளில் இவை அத்தனையும் வேண்டாம். முதல் பயணத்தில் கழுத்து வளையம் மட்டும் பாருங்கள்.

ஆறாம் படி: சித்திரை முதல் கவனமாக நடப்பது

வலசை வந்தவை போனபின் நம் ஊர்க்காரர்கள் முட்டையிடும் காலம். உண்மையில் பல மார்ச்சிலேயே தொடங்கிவிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது. தரையில் சின்னக் குழி, ஓரத்தில் நாலு கல், கிளிஞ்சல். ஆள்காட்டி பெரும்பாலும் நாலு முட்டை இடும், கெண்டிஷ், அனுமன் வகைகள் இரண்டு மூன்று. மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை, காலடியில் இருந்தாலும் தெரியாது. டிராக்டர் ஓட்டும்போது வயலில் முட்டை கண்டால் அந்த இடத்தைச் சுற்றி ஓட்டுகிற விவசாயிகள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. கொளுத்தும் வெயிலில் ஆள்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்வதும் உண்டு.

ஒரு உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் தத்தித் தத்தி ஓடினால் அதைப் பிடித்துக் காப்பாற்றப் போகாதீர்கள். உங்களைக் கூட்டிலிருந்து வேறு திசைக்கு இழுக்கிறது, அவ்வளவுதான். நின்ற இடத்தில் நின்று, காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து ஓடக்கூடியவை. ஆபத்தென்றால் தரையோடு படுத்துவிடும். 'தாயில்லாத குஞ்சு' என்று வீட்டுக்குத் தூக்கிவந்தால் அது பிழைப்பது கடினம். நீங்கள் தள்ளிப்போனால் தாய் வந்துவிடும். கடற்கரை மணலில் வண்டி ஓட்டாதீர்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: குறித்து வையுங்கள்

தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, தண்ணீர் எப்படி இருந்தது, இவ்வளவு எழுதினால் போதும். பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் மற்றவர்களுக்கும் பயன்படும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டுக்குப் பக்கத்து வயலிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், மேலே என்ன நிறம், கீழே என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று குறித்து, படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.

வலையோ கண்ணியோ கண்டாலும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் கரைப்பறவைகளைப் பிடித்து இறைச்சிக்கு விற்பது இன்னும் நிற்கவில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். நீங்களே போய்ச் சண்டை பிடிக்காமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இனம் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். 'மணல் உப்புக்கொத்தி, எது என்று தெரியவில்லை, 40' என்று எழுதினாலும் அது முழுமையான பதிவுதான். இபேர்டில் அதற்கென்றே தனித் தேர்வு இருக்கிறது.